ப்ராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டரில் டெர்மினல் வழியே நோட் சேர்ப்பது: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

ப்ராக்ஸ்மாக்ஸ் என்பது மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருள்; அதில் பல சர்வர்கள் சேர்ந்த குழு கிளஸ்டர், ஒவ்வொரு சர்வரும் ஒரு நோட். நோட் சேர்க்க பிரவுசரிலும் வழி இருக்கிறது; ஆனால் டெர்மினல்தான் நல்லது. சேரும்போது புது நோடின் சான்றிதழ் மாறிவிடும். பிரவுசர் இணைப்பு அந்த நேரம் பார்த்து அறுந்தால், வேலை முடிந்ததா பாதியில் நிற்கிறதா என்று தெரியாது. டெர்மினலில் ஒவ்வொரு படியும் கண்முன்னே ஓடும்.

கட்டளையைப் புது நோடில்தான் கொடுக்க வேண்டும்: 'பிவிஇசிஎம் ஆட்' (pvecm add), பக்கத்தில் கிளஸ்டரில் இருக்கும் ஏதாவது ஒரு நோடின் ஐபி. அந்த நோடின் ரூட் பாஸ்வேர்டைக் கேட்கும், ஃபிங்கர்பிரிண்டை (சான்றிதழின் அடையாளக் குறியீடு) காட்டி 'யெஸ்' அடிக்கச் சொல்லும்.

அதற்கு முன் புது நோட் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்ததும் அதன் அமைப்புக் கோப்புகள் இருக்கும் 'இடிசி பிவிஇ' (/etc/pve) அடைவு கிளஸ்டருடையதாக மாறிவிடும். அதனால் அதில் விஎம் (மெய்நிகர் கணினி) இருந்தால் கட்டளை மறுத்துவிடும். பேக்கப் எடுத்து, அழித்து, சேர்ந்தபின் வேறு விஎம் எண்ணில் மீட்டுக்கொள்ளலாம். ஹோஸ்ட்நேமையும் ஐபியையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஹோஸ்ட்ஸ் கோப்பில் நோடின் பெயர் 127.0.1.1 என்று இருந்தால் உடனே திருத்தி உண்மையான ஐபியைப் போடுங்கள். எல்லா நோடிலும் கடிகாரம் ஒத்துப்போக வேண்டும்.

பெரும்பாலும் சிக்குவது ஒரே இடம்தான். 'வெயிட்டிங் ஃபார் கோரம்' என்ற வரி வந்து, அதன்பின் புள்ளிகளாக நீண்டுகொண்டே போகும். கோரம் என்பது கிளஸ்டர் இயங்கத் தேவையான பெரும்பான்மை ஓட்டு. பாஸ்வேர்டு ஏற்கப்பட்டுவிட்டது, ஆனால் நோட்களுக்கிடையே தொடர்பு வைக்கும் கோரோசிங்க் சேவையால் பேச முடியவில்லை என்று பொருள். யுடிபி 5405 முதல் 5412 வரை ஃபயர்வாலில் திறந்திருக்கிறதா, இரு பக்கமும் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) ஒன்றா என்று பாருங்கள். ஒரு பக்கம் 9000, ஸ்விட்சில் 1500 என்றிருந்தால் சாதாரண பிங் போகும், பெரிய பாக்கெட் போகாது. அதனால் பிங்கை நம்பி ஏமாறாதீர்கள். 2019இல் 6ஆம் பதிப்போடு கோரோசிங்க் 3 வந்தபின் மல்டிகாஸ்ட் (ஒரே பாக்கெட்டைப் பல நோடுக்கு அனுப்புவது) தொல்லை தீர்ந்தது. பழைய கட்டுரைகள் சொல்லும் ஸ்விட்ச் அமைப்புகள் இப்போது தேவையில்லை.

சேர்ந்ததும் 'பிவிஇசிஎம் ஸ்டேட்டஸ்' அடித்து 'கோரேட்: யெஸ்' வந்ததா பாருங்கள். புது நோடில் ஒரு ஸ்டோரேஜ் கேள்விக்குறியோடு நின்றால் பதற வேண்டாம். மற்ற நோட்களின் ஸ்டோரேஜ் பட்டியலும் இங்கே வந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த ஸ்டோரேஜ் எந்தெந்த நோடுக்கு என்று வரையறுத்தால் போய்விடும்.

மூன்றிலிருந்து நான்குக்குப் போவதால் தாங்கும் சக்தி அதிகமாகாது. மூன்றில் கோரத்துக்கு 2 ஓட்டு, நான்கில் 3. இரண்டிலும் ஒரே ஒரு நோட் விழுவதைத்தான் தாங்கும்.

நாள்பட வருவது நெட்வொர்க் நெரிசல். பேக்கப்பும் கோரோசிங்கும் ஒரே கேபிளில் ஓடினால் இரவு பேக்கப் நேரத்தில் லாக் கோப்பில் 'ரீட்ரான்ஸ்மிட்' வரிகள் குவியும். எச்ஏ (ஒரு நோட் விழுந்தால் அதன் விஎம்களை வேறு நோடில் தானாக இயக்கும் வசதி) இயங்கும் நோட் கோரத்தை இழந்தால் ஒரு நிமிடத்தில் வாட்ச்டாக் என்ற கண்காணிப்பு டைமர் அதை ரீபூட் செய்துவிடும். கோரோசிங்குக்கு 1 ஜிகாபிட் போர்ட் ஒன்றைத் தனியாக விடுங்கள், சேர்க்கும்போதே 'லிங்க்0' (--link0) என்று அதன் ஐபியைக் கொடுங்கள்.

நோடை நீக்குவதென்றால் முதலில் அதை அணைத்துவிட்டு, மற்றொரு நோடில் 'பிவிஇசிஎம் டெல்நோட்' கொடுங்கள். நீக்கிய நோடை அப்படியே அந்த நெட்வொர்க்கில் மறுபடி ஆன் செய்யவே கூடாது. வட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவிய பிறகுதான் கேபிளைச் சொருக வேண்டும்.