கட்டபொம்மனா, கர்ணனா?

மேலூர்ப் பக்கம் கோயில் திருவிழா என்றால் அந்தக் காலத்தில் மைக் செட்டில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வசனம் ஓடும். படம் பார்க்காத பிள்ளைகளுக்கும் ஜாக்சன் துரையிடம் பேசும் பேச்சு மனப்பாடம். 1959-இல் வந்த அதுவும் 1964-இல் வந்த ‘கர்ணன்’ படமும் பி. ஆர். பந்துலு இயக்கியவை. இரண்டிலும் சிவாஜி. எதை முதலில் பார்க்கலாம் என்று அக்கா மகன் கேட்கிறான்.

கட்டபொம்மனைக் கண்ணை மூடிக்கொண்டே ரசிக்கலாம். அந்தக் குரலே போதும். கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கித் தந்த நடிப்பு.

கர்ணனை முகம் பார்த்துத்தான் ரசிக்க வேண்டும். குந்திதான் தாய் என்று தெரிந்ததும் ஏக்கமும் கோபமும் அந்த முகத்தில் மாறி மாறி வரும். அப்புறம் போர்க்களம். அம்பு தைத்துச் சாய்ந்து கிடப்பார். சீர்காழி கோவிந்தராஜன் குரலில் ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ ஒலிக்கும். கண்ணனாக என். டி. ராமராவ். வலி முழுவதையும் சிவாஜி கண்ணிலேயே காட்டிவிடுவார். 2012-இல் டிஜிட்டலில் புதுப்பித்து மறுபடி வந்தபோது மதுரையில் பார்த்தேன். பக்கத்து சீட்டுப் பெரியவர் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நானும் அழுதேன்.

முதலில் கர்ணனைப் பாரு மாப்ளே, அதுவும் பெரிய திரையில். கட்டபொம்மனை பஸ்ஸில் போகும்போதுகூடக் கேட்டுக்கொள்ளலாம்.