பெட்டிக்குள் பீச் வாலிபால்: வலை சரி, விதித்தாள் தவறு

வலை, கம்பங்கள், எல்லைக்கோட்டு நாடா, பந்து எல்லாம் ஒரே பையில் அடங்கிய பீச் வாலிபால் தொகுப்பு ஒன்றை, பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலான விலையில் இணையக் கடை வழியாக வாங்கினோம். ‘சர்வதேச விதிகளின்படி அமைந்தது’ என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதால், சர்வதேச வாலிபால் கூட்டமைப்பின் விதிகளையே அளவுகோலாக வைத்து இதை மதிப்பிடுவதுதான் முறை.

அளவுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வலை 8.5 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் கொண்டது. நாடா 5 செ.மீ. அகலத்தில், விரித்தால் சரியாக 16 மீட்டருக்கு 8 மீட்டர் ஆடுகளமாக அமைகிறது. உள்ளரங்க வாலிபாலின் 18-க்கு 9 மீட்டர் நாடாவையே நிறம் மாற்றி விற்கும் கடைகளும் உண்டு என்பதால் இதைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆண்களுக்கான 2.43 மீட்டர், பெண்களுக்கான 2.24 மீட்டர் ஆகிய இரு உயரங்களுக்கும் கம்பத்தில் தனித்தனித் துளைகள் இருக்கின்றன. பொருத்தும் ஊசி மணலில் சிக்கிக்கொள்ளாமல் எளிதில் கழல்கிறது. கம்பங்களை இழுகயிறு கட்டி நிறுத்துவதை விதி அனுமதிப்பதில்லை என்றாலும், தூக்கிச் செல்லும் தொகுப்பில் அதற்கு மாற்றும் இல்லை. கயிற்றில் பளிச்சென்ற துணியைக் கட்டிவிட்டு ஆடலாம். ஆனால் நாடாவின் மூலைகளை இறுக்குவதற்கு இரும்பு ஆணிகளைக் கொடுத்திருப்பதை மன்னிக்க முடியாது. வெளியே தெரியும் பிடிமானங்கள் மென்மையாகவும் வளையக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று விதி கேட்பது, பந்தை எடுக்க வெறுங்காலுடன் மூலைக்குப் பாய்ந்து விழுபவரை மனத்தில் வைத்துத்தான்.

பந்து சுமார் ரகம். தையல் இல்லாமல் பசையால் ஒட்டப்பட்டிருப்பதால், ஈரமணலில் சில மாலைகள் உருண்டதும் ஓரங்கள் எழும்பத் தொடங்கிவிட்டன. காற்றடிக்கும் துளைக்கு அருகில் அச்சிட்டுள்ள அழுத்தம் உள்ளரங்கப் பந்துக்கு உரியது. கடற்கரைப் பந்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.175 முதல் 0.225 கிலோ வரை போதும். அச்சிட்டபடி அடித்தால், சர்வீஸை எடுக்கும் முன்கை சிவந்துவிடும்.

இத்தொகுப்பின் பெரிய கோளாறு, உள்ளே வைத்திருக்கும் விதித்தாள்தான். யாரோ உள்ளரங்க விளையாட்டின் விதிகளை அப்படியே எடுத்து, தலைப்பில் ‘பீச்’ என்ற சொல்லை மட்டும் சேர்த்திருக்கிறார்கள். செட்டுக்கு 25 புள்ளிகள் என்கிறது தாள். உண்மையில் முதல் இரண்டு செட்டுகளும் 21 புள்ளிகளுக்கு, மூன்றாவது 15 புள்ளிகளுக்கு, எல்லாவற்றிலும் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். அணிக்கு இருவரே ஆடும், மாற்று ஆட்டக்காரருக்கே இடமில்லாத விளையாட்டில், ஆறு மாற்றுகளுக்கு வழி சொல்லியிருக்கிறார்கள். நடுக்கோட்டைத் தாண்டினால் தவறாம். கடற்கரை ஆடுகளத்தில் நடுக்கோடே கிடையாது, எதிரணியின் ஆட்டத்துக்கு இடைஞ்சல் செய்யாத வரை வலைக்கு அடியில் அப்பால் போகலாம்.

இவையெல்லாம் சிரித்துவிட்டு விடக்கூடியவை. ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிடும் பிழைகள் மூன்று உள்ளன. எதிரணியின் அடியை வலையருகே கை உயர்த்தித் தடுக்கும் பிளாக்கில் கை பட்டபின், பந்தைத் திருப்பி அனுப்ப மூன்று தொடுதல்கள் உண்டு என்று தாள் சொல்கிறது. கடற்கரையில் பிளாக்கும் ஒரு தொடுதலாகக் கணக்கில் சேர்வதால் மீதம் இரண்டுதான், எனவே விரலில் உரசிவந்த பந்தை முதலில் எடுப்பவர் அதை நேராகவே அடிப்பதற்கு வாகாகத் தூக்கித்தர வேண்டியிருக்கிறது. விரல்நுனியால் வலைக்கு மேல் மெல்லத் தட்டிவிடும் ‘டிராப்’ தாளின்படி சரி. விதிப்படி அது தவறு, விரல்களை மடக்கி விரல்முட்டியாலோ, சேர்த்து விறைப்பாக நீட்டிய விரல்களாலோதான் அப்படித் தள்ள முடியும். எட்டு மீட்டர் அகலத்தை இருவர் காக்கும்போது விரல்நுனி டிராப்பை அனுமதித்தால், ஸ்மாஷ் அடிக்கவே எவரும் சிரமப்பட மாட்டார்.

மூன்றாவது, பக்கம் மாறுவது. செட் முடிந்ததும் மாறினால் போதும் என்று எழுதியிருப்பவர் கடற்கரையில் நின்று ஒரு சர்வீஸ்கூடப் போட்டிருக்க மாட்டார். சென்னை பெசன்ட் நகரில் மாலைக் காற்று கடலிலிருந்து வீசும் நேரத்தில், காற்றை முதுகில் வாங்கும் பக்கத்திலிருந்து போடும் சர்வீஸ் கோட்டைத் தாண்டிப் போகிறது. எதிர்ப்பக்கத்தில் அதே வேகத்தில் போட்டால் வலையைத் தாண்டியதுமே தொப்பென்று விழுகிறது. இந்தச் சாதகத்தை ஒரே அணி அனுபவித்துவிடாமல் இருக்கத்தான், இரு அணிகளின் புள்ளிகளையும் கூட்டி முதல் இரண்டு செட்டுகளில் 7 புள்ளிகளுக்கு ஒருமுறையும், மூன்றாவதில் 5 புள்ளிகளுக்கு ஒருமுறையும் பக்கம் மாறுகிறார்கள்.

வலைக்கும் நாடாவுக்கும் கொடுத்த பணம் தகும்; பந்தை மட்டும் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். விதிகளைக் கூட்டமைப்பின் இணையதளத்திலிருந்து இலவசமாகவே பதிவிறக்கலாம், நடுவரின் கைச்சைகைகள்கூடப் படத்துடன் இருக்கின்றன. விதித்தாளை மாற்றித் தர முடியுமா என்று விற்பனையாளரிடம் கேட்டதற்கு, எல்லாப் பெட்டியிலும் அதே தாள்தான் என்று பதில் வந்தது. ஆணிகளுக்குப் பதிலாக, மணலுக்குள் புதைக்கும் பிளாஸ்டிக் வட்டுகளை அனுப்பிவைத்தார்கள். கூரியர் செலவு எங்களுடையது.