வாட்டர்கலர் படம் என்று சொல்லி பிரிண்ட் விற்கிறார்கள், கவனம்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். இன்டீரியர் வேலை எடுத்துச் செய்யும் ஒருவர், ஹாலும் படுக்கையறையும் முடிந்தபின் எப்படி இருக்கும் என்று கையாலேயே வாட்டர்கலரில் வரைந்து தருவதாகச் சொல்லி, படத்துக்கு 6,000 ரூபாய் வீதம் எங்களிடம் வாங்கினார். கொடுத்தது கம்ப்யூட்டர் பிரிண்ட்.

கம்ப்யூட்டரில் செய்யும் த்ரீடி படம் இதைவிட மலிவாகவே கிடைத்திருக்கும். ஆனால் அதில் எல்லா வீடும் ஒரே பளபளப்பு. அம்மாவுக்கு அது யார் வீட்டு போட்டோவோ என்றுதான் தோன்றும். நல்ல வாட்டர்கலரில் வெளிச்சம் என்பது பெரும்பாலும் வண்ணம் படாமல் விட்ட காகிதம்தான். காலை வெயில் தரையில் எங்கே விழும், சுவரின் நிறம் மூலையில் எப்படி மங்கும் என்பதை ஒருவர் நம் அறையைப் பார்த்து, யோசித்து, முன்கூட்டியே முடிவுசெய்துதான் தூரிகையை எடுக்க முடியும். அந்தக் கவனத்துக்குத்தான் காசு கொடுத்தோம்.

வந்த படங்கள் சொரசொரப்பான தடித்த காகிதத்தில், பார்க்க அழகாகத்தான் இருந்தன. அம்மாதான் முதலில் கேட்டார், "ஏம்பா, சாமி அலமாரியைக் காணோமே?" அப்புறம் நிதானமாகப் பார்த்தோம். கறுப்பு கிரானைட் தரை என்று அளவோடு எழுதிக் கொடுத்திருந்தோம், கிருஷ்ணகிரியில் அதற்கா பஞ்சம்? படத்தில் மரப்பலகைத் தரை. மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல், வெளியே மரங்கள். அந்தப் பக்கம் எங்களுக்கு இருப்பது பக்கத்து வீட்டுச் சுவர்.

இரண்டு படங்களையும் சேர்த்து வைத்தபோது எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. கீழ் ஓரத்தில் வண்ணம் வழிந்து காய்ந்தது போல ஒரு நீலத் திட்டு. ஹால் படத்திலும் அதே திட்டு, படுக்கையறைப் படத்திலும் அதே திட்டு. அதே வளைவு, வலப்பக்கம் அதே மூன்று தெறிப்பு. ஈரக் காகிதத்தில் தண்ணீர் ஒருமுறை ஓடியது போல மறுமுறை ஓடாது. வாட்ச் ரிப்பேர் செய்யும் நண்பரிடம் லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். சோபாவின் நிழல் முழுக்கப் பொடிப்பொடியாக நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள். பென்சில் கோடு என்று நினைத்ததும் புள்ளிகள்தான். கையால் பூசிய வண்ணம் காகிதத்தின் குழிகளில் தங்கும், ஓரத்தில் கொஞ்சம் அடர்ந்து காயும். இப்படிக் கலர் கலராகப் புள்ளி வைக்காது.

கேட்டதற்கு, "சார், இப்ப எல்லாரும் இப்படித்தான் தர்றாங்க" என்றார். எல்லாரும் பிரிண்ட் தரட்டும், பிரிண்ட் என்று சொல்லி அதன் விலைக்குத் தரட்டும். கையால் வரைகிறவரின் உழைப்பைச் சொல்லிக் காசு வாங்கியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார், இப்போது போனும் எடுப்பதில்லை.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால் முதலில் பென்சில் வரைபடத்தைக் கேளுங்கள். ஜன்னல், கதவு, அளவு எல்லாம் சரியா என்று அதிலேயே பார்த்துவிட்டு, அப்புறம் வண்ணத்துக்குச் சம்மதம் சொல்லுங்கள், மீதிப் பணத்தையும் அதுவரை கையில் வைத்திருங்கள். பாதி வரைந்த நிலையில் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். 'கையால் வரைந்த அசல் வாட்டர்கலர்' என்று பில்லில் எழுதி வாங்குங்கள். படம் கைக்கு வந்ததும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஈரப் பஞ்சால் ஓரத்தை ஒற்றிப் பார்க்கலாம் என்பார்கள், ஆனால் சில பிரிண்ட் மையும் தண்ணீரில் கரையும், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. எங்களிடம் பில் கிடையாது. 'ஹேண்ட் பெயின்ட்டிங் சார், கேரண்டி' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் ஜிபே ரசீதும் இருக்கின்றன, அவற்றை வைத்துத்தான் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம்.