நான்கு எழுத்தா, ஐந்து அளவா?

மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கும் என்னை, களக்காடு, வள்ளியூர்ப் பக்கம் ஆர்டர் பிடிக்கப் போகச் சொன்னார் முதலாளி. ஆட்களிடம் பேசிப் பழகும் வேலை எனக்கு ஒத்துவருமா என்று பார்க்கத்தான் இந்தக் குணத் தேர்வுகளுக்குள் நுழைந்தேன். கடைசியில் கையில் வைத்துக்கொண்டது, குணத்தை ஐந்து அளவுகளாகப் பார்க்கும் பிக் ஃபைவ்.

எம்பிடிஐ என்ற குணத் தேர்வு பலருக்கும் தெரிந்ததுதான். உளவியலாளர் யுங் 1921-ல் எழுதியதை அடிப்படையாக வைத்து பிரிக்ஸ், மையர்ஸ் என்ற தாயும் மகளும் உருவாக்கியது. ஆட்களை 16 வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் நான்கு எழுத்தில் ஒரு பெயர் தரும்; ஒவ்வொரு எழுத்தும் இரண்டில் ஒன்று. நண்பர்களோடு பேச்சைத் தொடங்க அருமையானது. ஆனால் ஆளெடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை நடத்துகிறவர்களே சொல்கிறார்கள்.

கிளிஃப்டன் ஸ்ட்ரெங்த்ஸ் என்ற திறன் தேர்வு காசு கட்டி எழுதுவது. 177 ஜோடி வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி, 34 திறன்கள். நான் எழுதவில்லை, மச்சானுக்கு வந்த அறிக்கையை மட்டும் படித்தேன், தெளிவாக இருந்தது. அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வியா என்ற இன்னொரு தேர்வு இலவசம். 24 நற்பண்புகளை வரிசைப்படுத்தித் தரும், மனதுக்குத் தெம்பு. எங்கே சோர்ந்துபோவேன் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அது அதில் இல்லை.

எனக்கு முடிவைத் தந்தது ஒரே கேள்வி: சில மாதம் கழித்து மறுபடி எழுதினால் விடை நிற்குமா?

உளவியலாளர் லூயிஸ் கோல்ட்பர்க் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்ட ஐபிஐபி என்ற கேள்வித் தொகுப்பில், பிக் ஃபைவுக்கான 50 கேள்வித் தாளை எடுத்தேன். ஒரு குணத்துக்குப் பத்துக் கேள்வி, ஒன்றுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். சில கேள்விக்குத் தலைகீழாகப் போட வேண்டும். அதைக் கவனிக்காவிட்டால் கூட்டல் முழுதும் பாழ். ஐந்தில் ஒன்றான கலகலப்பில் ஐப்பசியில் எனக்கு 29, பங்குனியில் 31. நடு 30. இதையே எழுத்தாக வெட்டினால் ஐப்பசியில் நான் ஒதுங்கிய ஆள், பங்குனியில் கலகலப்பான ஆள். அளவாகப் பார்த்தால் இரண்டு தடவையும் நடுவில் நிற்கிற அதே ஆள். நம்மில் நிறையப் பேர் நடுவை ஒட்டித்தான் இருக்கிறோம். கோடு போட்டு இரண்டாகப் பிரிக்கிற தேர்வு அவர்களைத்தான் அலைக்கழிக்கும்.

இன்னொரு வசதி, அதே தாளை நம்மை அறிந்தவர் கையில் கொடுக்கலாம். அக்கா நிரப்பினாள். பிறர் வருத்தத்தை உணர்வேன் என்ற வரியில் நான் 3 போட்டிருந்தேன், அவள் 5.

"ஏல, என்ன மூணு போட்டிருக்க? கோடவுன்ல வேல பாக்கவரு மகளுக்குக் காய்ச்சல்னு ராத்திரியோட ராத்திரியா ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது யாருல?"

நான் அதைக் குணமாகவே எண்ணிப் பார்த்ததில்லை. ஆர்டர் பிடிக்கப் போகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரு குறையும் உண்டு. விருந்தில் பலரோடு பேசுவீர்களா என்ற கேள்வி நம் ஊருக்குச் சரியாகப் பொருந்தாது. கல்யாண வீட்டில் எல்லோரும் சொந்தம், பேசாமல் யார் இருப்பார்? நான் அதை, டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் தானாகப் பேசுவேனா என்று வைத்துக்கொண்டு பதில் போட்டேன்.

பாதி நாள் கணக்கு, பாதி நாள் ஆர்டர் பிடிக்க லைன் என்று முதலாளியிடம் கேட்டேன்; சரி என்றார். பத்தாவது முடித்த பிள்ளைக்கு குரூப் தேர்ந்தெடுக்க இதைக் கொடுக்கலாமா என்று அக்கா கேட்கிறாள். சிறுவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த அனுபவம் எனக்கில்லை. அந்த வயதில் குணம் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும், அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.