கொழும்பு விஞ்ஞானபீடமா, நாவலையா, ராஜகிரியவா?

உயர்தரப் பெறுபேறு வந்த வாரம் வெள்ளவத்தை வீடுகளில் ஒரே பேச்சுதான். மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி காணாது. "தேர்ட் ஷை எடுத்துப் பார்" என்பார் மாமா, அதாவது உயர்தரப் பரீட்சையை மூன்றாம் முறையும் எழுதிப் பார் என்று. விஞ்ஞானம் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இன்னொரு வருடம் அப்படியே போய்விடும். கொழும்பிலேயே மூன்று வழிகள் இருக்கும்போது அது வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

முதலாவது, கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞானபீடம். 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய மரபு இது. அன்றைய மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சை எழுதித்தான் பட்டம் பெற்றார்கள். இன்று படிப்பு இலவசம். பொதுப் பட்டம் 3 வருடம், சிறப்புப் பட்டம் 4 வருடம். எனக்குப் பிடித்த விஷயம், முதல் வருடத்திலேயே ஒரு பாடத்துக்குள் அடைபடத் தேவையில்லை. பத்தொன்பது வயதில் பௌதிகவியலா இரசாயனவியலா என்று யாருக்குத்தான் தெளிவாகத் தெரியும்? ஆய்வுகூடத்தில் கைபட்ட பிறகுதான் அது பிடிபடும்.

கஷ்டம் மொழியில் வரும். பள்ளிக்கூடம் முழுக்க ஆர்முடுகல், ஒளித்தொகுப்பு என்று படித்த பிள்ளை, திடீரென்று அக்சலரேஷன், போட்டோசிந்தசிஸ் என்று லெக்சர் கேட்க வேண்டும். முதல் செமஸ்டரில் வாய் திறக்காமல் பின்வரிசையில் இருந்தவர்களை நான் அறிவேன். தெரியாமல் அல்ல, சொல் வராமல். கம்பஸ் தொடங்கும்வரை கிடைக்கும் மாதங்களில் ஆங்கிலப் பாடநூல் ஒன்றை மெதுவாக வாசித்தால் பாதிப் பயம் போய்விடும்.

அப்புறம், நாவலையில் திறந்த பல்கலைக்கழகம். அங்கே ஒரு பீடத்தின் பெயரே இயற்கை விஞ்ஞானங்கள் பீடம். இசட் புள்ளிப் போட்டி இல்லை. பணம் கட்டித்தான் படிக்க வேண்டும், ஆனால் உங்கள் வேகத்தில் பாடங்களை எடுக்கலாம். அதுவும் அரச பல்கலைக்கழகப் பட்டம்தான். குறைவாக நினைக்க ஒன்றுமில்லை. வேலை செய்பவருக்கும் வீட்டைப் பார்க்கும் அம்மாவுக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் டே ஸ்கூல் எனப்படும் நேரடி வகுப்புகளுக்கும் பிராக்டிக்கலுக்கும் மட்டும் போய்விட்டு, மிச்சத்தைத் தனியாக இருந்து படிக்கும் ஒழுங்கு வேண்டும். பட்ச் நண்பர்களோடு கூடிப் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்ற பிள்ளை இங்கே சோர்ந்துபோகும்.

ராஜகிரியவில் இரசாயனவியல் நிறுவகம் நடத்தும் கற்கை 1979இல் ஆரம்பித்தது. 4 வருடமும் இரசாயனவியல்தான் மையம். சிறப்புப் பட்டத்துக்குச் சமமாக மதிக்கப்படுகிறது. கட்டணம் உண்டு. இரசாயனவியலில் உண்மையான பிடிப்பு இருந்தால் மட்டும் போங்கள்.

என் சொந்தத் தங்கை கேட்டால் இப்படிச் சொல்வேன்: விஞ்ஞானபீடம் கிடைத்தால் யோசிக்காமல் போ. கிடைக்காமல், இரசாயனவியல் பிடித்திருந்தால் ராஜகிரிய. இரண்டும் சரிவராவிட்டால் நாவலையில் பதிந்துகொண்டு, கூடவே ஒரு வேலை தேடு.