கான்பெரா நாடாளுமன்றச் சுற்று: அந்தப் பச்சை அவையைப் பார்க்கத்தான் போனேன்

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்தே ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுக்கு, நாடாளுமன்றம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். என் மகளுக்கு அந்த வாரம் பார்த்துக் காய்ச்சல். அழுதவளிடம், விடுமுறையில் நானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவைத்தேன். அப்படிச் சொன்னதில் எனக்கும் பல வருட ஆசை ஒன்று இருந்தது.

சிட்னியின் டூங்காபியிலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பினோம். வழியில் நிறுத்தி, கட்டிக்கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்ட நேரத்தையும் சேர்த்து மூன்றரை மணி நேரம் ஆனது. ஜார்ஜ் ஏரியை ஒட்டிச் சாலை போகும்போது அக்கரைக் குன்றுகளில் காற்றாலைகள் தெரிந்தன. மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எண்ணினாள்.

போகிறவர்கள் சொந்த வண்டியில் போங்கள். போன ஆண்டு ஊரிலிருந்து வந்திருந்த என் பெற்றோரை ஒரு தனியார் வேனில் அனுப்பினேன். நாடாளுமன்ற வாசலில் இறக்கிவிட்டு 40 நிமிடத்தில் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பாதுகாப்புச் சோதனை வரிசையிலேயே கால் மணி நேரம் போய்விட்டது. அம்மா பார்த்ததெல்லாம் தூண்களும் கழிப்பறையும்தான். இந்தக் கட்டடத்துக்கு அரை நாள் வேண்டும்.

உள்ளே போகக் கட்டணம் இல்லை. வழிகாட்டியோடு சுற்றிப் பார்ப்பதும் இலவசம். 1988இல் திறந்த கட்டடம். கூரையில் புல் போட்டிருக்கிறார்கள். தங்கள் பிரதிநிதிகளின் தலைக்கு மேல் மக்கள் நடக்க வேண்டும் என்பது கட்டடக் கலைஞர் ரோமால்டோ ஜுர்கோலாவின் எண்ணம். 2017இல் வேலி போட்டபின் சரிவில் ஏறிப் போக முடிவதில்லை. லிஃப்டில் மேலே போகலாம். 81 மீட்டர் கொடிக்கம்பத்தின் அடியில் நின்றால் நகரம் முழுக்கத் தெரிகிறது.

முன்கூடத்தின் 48 பச்சைப் பளிங்குத் தூண்கள், அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மேக்னா கார்ட்டா சாசனத்தின் 1297ஆம் ஆண்டுப் பிரதி எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. நான் நின்றுவிட்டது பெருங்கூடத்துத் திரைச்சீலை முன்னால். ஆர்தர் பாய்டின் ஓவியத்தைப் பார்த்து நெய்த யூகலிப்டஸ் காடு. ஏறக்குறைய 20 மீட்டர் அகலம், 9 மீட்டர் உயரம். அது சிட்னிக்குத் தெற்கே ஷோல்ஹேவன் பக்கத்துக் காடு. 2019–20 கோடையில் அந்த வட்டாரக் காடுகள் வாரக்கணக்கில் எரிந்தன. 2020 ஜனவரி 4 அன்று எங்கள் வீட்டுக்கு மேற்கே பென்ரித்தில் 48.9 டிகிரி. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். மகளுக்கு அது நினைவிருக்கிறது. "அப்பா, இந்தக் காடா எரிந்தது?" என்று கேட்டாள். ஆமாம், இதன் பக்கத்துக் காடு என்றேன்.

அப்புறம் அந்தப் பச்சை அவை, பிரதிநிதிகள் அவை. கூட்டத்தொடர் இல்லாத நாள் என்பதால் மாடத்தில் நிம்மதியாக உட்காரவைத்து விளக்கினார் வழிகாட்டி அம்மா. சபாநாயகரின் வலப்பக்கம் ஆளுங்கட்சி, இடப்பக்கம் எதிர்க்கட்சி. வாக்கெடுப்பு என்றால் கட்டடம் முழுக்க மணி அடிக்கும், கடிகாரங்களில் விளக்கு மினுங்கும், 4 நிமிடத்துக்குள் எல்லாரும் உள்ளே வந்துவிட வேண்டும். ஆதரிப்பவர்கள் வலப்பக்கம், எதிர்ப்பவர்கள் இடப்பக்கம் போய் உட்கார வேண்டும். நான் பார்க்க வந்தது அந்த நடுத்தரையைத்தான்.

2009இல் நான் மாணவன். இரவில் ஒரு ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். செப்டம்பர் 23 அன்று விடியலில் ரயிலை விட்டு இறங்கினால் சிட்னி முழுக்கச் செக்கச்செவேல் என்று புழுதி. அதற்கு முன், பிப்ரவரியில், விக்டோரியா காட்டுத்தீயில் 173 பேர் இறந்திருந்தார்கள். அந்த ஆண்டுதான் பிரதமர் கெவின் ரட்டின் லேபர் கட்சி அரசு கரிம மாசுக் குறைப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஏறக்குறைய 1000 பெரிய நிறுவனங்கள், தாங்கள் வெளிவிடும் ஒவ்வொரு டன் கரிமத்துக்கும் அனுமதிச்சீட்டு வைத்திருக்க வேண்டும் என்பது திட்டம். ஆகஸ்டில் மேலவையான செனட் அதை நிராகரித்தது.

அப்போது எதிர்க்கட்சியான லிபரல் கட்சியின் தலைவர் மால்கம் டர்ன்புல். 2008 செப்டம்பரில் கட்சிக்குள் நடந்த வாக்கெடுப்பில் 45க்கு 41 என்ற கணக்கில் தலைவராக வந்தவர். இரண்டாம் முறை வந்த சட்டத்தைத் திருத்தங்களோடு ஆதரிப்பது என்று முடிவெடுத்தார். இது அவருடைய கட்சிக்குப் புதிதும் இல்லை. 2007 தேர்தலில் அவர்களே இதுபோன்ற கரிம வணிகத் திட்டத்தை வாக்குறுதியாகத் தந்திருந்தார்கள், அப்போது சுற்றுச்சூழல் அமைச்சர் டர்ன்புல்தான். குண்டு பல்பை ஒழிக்கும் அறிவிப்பும் அவருடையதே. இயான் மெக்ஃபார்லேன் கட்சி சார்பில் அமைச்சர் பென்னி வோங்கோடு பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். நவம்பர் 24 அன்று லிபரல் உறுப்பினர்களும் கூட்டணியான நேஷனல் கட்சி உறுப்பினர்களும் இந்தக் கட்டடத்துக்குள் மணிக்கணக்காக வாதிட்டார்கள். "பெரும்பான்மை என் பக்கம்" என்று டர்ன்புல் அறிவித்தார். பலரும் கொதித்துப் போனார்கள்.

மறுநாள் லிபரல் உறுப்பினர் கெவின் ஆண்ட்ரூஸ் டர்ன்புல்லின் தலைமையை எதிர்த்துக் கொண்டுவந்த தீர்மானம் 35க்கு 48 என்று தோற்றது. அதற்கு அடுத்த நாள் டோனி அபட், நிக் மின்சின் என்று கட்சியின் முன்வரிசைத் தலைவர்கள் அந்தப் பொறுப்புகளிலிருந்து விலகினார்கள். டிசம்பர் 1 அன்று கட்சித் தலைமைக்கு மூன்று பேர் போட்டி: அபட் 35, டர்ன்புல் 26, உறுப்பினர்கள் மனசாட்சிப்படி வாக்களிக்கட்டும் என்ற ஜோ ஹாக்கி 23. ஹாக்கி வெளியேற, இரண்டாம் சுற்றில் அபட் 42, டர்ன்புல் 41. ஒரு சீட்டு செல்லாதது. அதில் "வேண்டாம்" என்று எழுதியிருந்ததாம். வேலை முடிந்து தூங்காமல் வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு வாக்கு வயிற்றில் அடித்தது போல இருந்தது. எனக்கு அப்போது வாக்குரிமைகூட இல்லை.

அந்த வாக்கெடுப்பு நடந்த கட்சிக் கூட்ட அறையைப் பார்க்க முடியுமா என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அது பொதுமக்கள் போகும் பகுதியில் இல்லை என்றார். சரி. ஆனால் அடுத்துக் கூட்டிப்போன சிவப்பு அவையில், செனட்டில், கதையின் மறுநாளைக் கண்ணால் பார்க்கலாம். டிசம்பர் 2 அன்று 33க்கு 41 என்று சட்டம் அங்கே விழுந்தது. ஜூடித் ட்ரோத், சூ பாய்ஸ் என்ற இரண்டு லிபரல் பெண்கள் மட்டும் கட்சியை மீறி ஆதரித்தார்கள். மாசுக் குறைப்பு இலக்கு போதாது என்று பசுமைக் கட்சியின் ஐவரும் எதிர்த்தார்கள். அவர்கள் ஆதரித்திருந்தால் நிறைவேறியிருக்கும். அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

நான் பார்க்க வந்த தரைக்கு வருகிறேன். 2010 பிப்ரவரியில் அதே சட்டம் மூன்றாம் முறை பிரதிநிதிகள் அவைக்கு வந்தபோது, பின்வரிசையில் இருந்த டர்ன்புல் எழுந்து அதை ஆதரித்துப் பேசினார். வாக்கெடுப்பில் தன் கட்சியை விட்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். கூட்டணியிலிருந்து அவர் ஒருவர் மட்டும். மாடத்திலிருந்து பார்த்தபோது இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு மேசை, கொஞ்சம் தரை, அவ்வளவுதான். "பத்துப் பன்னிரண்டு அடி எடுத்து வைத்தால் போதும் அப்பா" என்றாள் மகள்.

டர்ன்புல் பொறுமையானவர் என்று நான் சொல்லமாட்டேன். ஒத்துவராதவர்களை உட்காரவைத்துப் பேசி இன்னும் ஒரு பத்துப் பேரையாவது தன் பக்கம் திருப்பியிருக்கலாம். 2018இல் பிரதமராக இருந்தபோது, கட்சி உடையக்கூடாது என்று கரிம இலக்கைச் சட்டமாக்குவதையே கைவிட்டார். அந்த வாரமே பதவியும் போனது. இரண்டு தோல்வியில் 2010இல் அந்தத் தரையைக் கடந்தவரைத்தான் நான் மதிக்கிறேன்.

வழிகாட்டி அம்மாவுக்கு முழு மதிப்பெண். என் கேள்விகளுக்கும் பிள்ளைகளின் கேள்விகளுக்கும் ஒரே அக்கறையோடு பதில் சொன்னார். எந்தக் கட்சிக்கும் சாயாமல், தேதி தவறாமல் பேசினார். சுற்று முடிந்ததும் மாடிக் காபிக்கடையில் தேநீர் குடித்தோம், கையில் கொண்டுபோன தயிர்சாதத்தை வெளியே புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அவை கூடும் நாட்களில் போனால் பிற்பகல் 2 மணிக்குக் கேள்வி நேரத்தை மாடத்திலிருந்தே பார்க்கலாம். அன்று இந்த அளவு நிதானமாக விளக்கம் கேட்க முடியாது. அதனால் முதல் முறை போகிறவர்கள் அவை இல்லாத நாளில் போங்கள். நாங்கள் அடுத்த முறை வாக்கெடுப்பு நாளாகப் பார்த்துப் போகப்போகிறோம். மணி அடிப்பதைக் கேட்க வேண்டுமாம் அவளுக்கு.