பழைய மதர்போர்டில் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கிராபிக்ஸ் கார்டு: ஏன் இதையே தேர்ந்தெடுத்தேன்

2016இல் வெளியான என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டை இவ்வளவு காலம் ஓட்டியிருக்கிறேன். வேகம் போதவில்லை என்று மட்டும் அதை மாற்றவில்லை. 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 'டூம்: தி டார்க் ஏஜஸ்' போன்ற கேம்களுக்கு ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரைவது) செய்யும் கார்டு கட்டாயம். செட்டிங்ஸை எவ்வளவு இறக்கினாலும் பழைய கார்டுக்கு அங்கே வேலையில்லை. போதாக்குறைக்கு, 1060 சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்குப் புதிய கேம் டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது.

என் கணினியில் பி450 மதர்போர்டு, ரைசன் 5 5600, 550 வாட் பவர் சப்ளை, 1440பி மானிட்டர். கார்டைத் தேடும் முன்பே ஒரு சோதனை செய்தேன். விளையாடும் கேம்களில் ரெசல்யூஷனை நன்றாகக் குறைத்துப் பார்த்தேன். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) சட்டென்று ஏறியது. அப்படியென்றால் பிராசசர் தடுக்கவில்லை, கார்டுதான் திணறுகிறது. ரெசல்யூஷனைக் குறைத்தும் எஃப்பிஎஸ் அசையவில்லை என்றால் கார்டுக்குப் பணம் போடாதீர்கள், பிராசசரைப் பாருங்கள்.

கடைசியில் இரண்டு கார்டுகள் நின்றன: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. காகிதத்தில் என்விடியா கார்டின் மெமரி வேகமானது. ஜிடிடிஆர்7 என்ற புதிய வகை மெமரி என்பதால் நொடிக்கு 448 ஜிபி. ஏஎம்டி கார்டுக்கு 320 ஜிபி அளவுதான். பிறகு ஏன் ஏஎம்டி?

காரணம் என் மதர்போர்டு. கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் (பிசிஐஇ) தடத்தில் 5060 டிஐ கார்டுக்கு லேன் எட்டுதான். 9060 எக்ஸ்டிக்குப் பதினாறு. புதிய போர்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. பி450 போர்டு பிசிஐஇ 3.0இல் நின்றுவிடுகிறது, பிராசசர் 4.0 வகையாக இருந்தாலும் பயனில்லை. அங்கே எட்டு லேன் என்றால் நொடிக்குச் சுமார் 8 ஜிபி, பதினாறு என்றால் சுமார் 16 ஜிபி. கார்டின் மெமரி நிரம்பி, டெக்ஸ்ச்சர்கள் ரேமிலிருந்து வரவேண்டிய நிலையில்தான் இது உறைக்கும். சராசரி எஃப்பிஎஸ் நன்றாகவே தெரியும்; கேமராவைத் திருப்பும்போது மட்டும் படம் வெட்டி வெட்டி நகரும். அதனால்தான் எட்டு லேனும் 8 ஜிபியும் சேர்ந்த கார்டுகளைப் பழைய போர்டுக்கு நான் யாருக்கும் சொல்வதில்லை. 9060 எக்ஸ்டி என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கோபம் தரும் விஷயம். பெட்டியில் 16 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மாட்டுவதில் சிரமமில்லை. 160 வாட் கார்டு, நான் வாங்கிய மாடலுக்கு ஒரே ஒரு 8-பின் கேபிள் போதும். கேபினெட்டில் நீளத்தை மட்டும் முன்பே அளந்துகொள்ளுங்கள். பழைய டிரைவரை டிடியூ என்ற டிரைவர் நீக்கும் மென்பொருள் மூலம் துடைத்துவிட்டேன். மதர்போர்டின் பயோஸை அப்டேட் செய்து, பழைய பூட் முறைக்கான சிஎஸ்எம்மை அணைத்து, கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுக விடும் ரீசைசபிள் பாரை ஆன் செய்தேன். விண்டோஸ் டிஸ்க் ஜிபிடி என்ற பகிர்வு முறையில் இருந்தால்தான் சிஎஸ்எம்மை அணைத்த பிறகு பூட் ஆகும். அதை முதலிலேயே சரிபாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது எஃப்எஸ்ஆர் 4, குறைந்த ரெசல்யூஷனில் வரைந்த படத்தைத் தெளிவாகப் பெரிதாக்கும் ஏஎம்டியின் வசதி. குவாலிட்டி மோடில் கேம் உள்ளே 960பியில்தான் வரையப்படுகிறது. ஆனால் திரையில் மரக்கிளை, கம்பிவேலி எதுவும் மினுமினுப்பதில்லை. பழைய எஃப்எஸ்ஆரில் அந்த மினுமினுப்பு கண்ணை உறுத்தும். ஃப்ரேம்களுக்கு நடுவே புதிய ஃப்ரேம்களை உருவாக்கிச் செருகும் ஃப்ரேம் ஜெனரேஷன் வேறு கதை. அடிப்படை எஃப்பிஎஸ் 60ஐத் தொடாதபோது அதைப் போட்டால் எண் ஏறும், மவுஸ் கனமாகவே இருக்கும். அதை நம்பிக் கார்டு வாங்கக் கூடாது.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வேலை செய்பவர்களும், என்விடியாவின் 'கூடா' (CUDA) தளம் தேவைப்படும் மென்பொருள் வைத்திருப்பவர்களும் என்விடியாவுக்கே போகலாம். அங்கே ஏஎம்டி இன்னும் பின்தங்கித்தான் இருக்கிறது. என்விடியாவின் இதே போன்ற வசதியான டிஎல்எஸ்எஸ் இருக்கும் எல்லாக் கேம்களிலும் எஃப்எஸ்ஆர் 4 கிடைப்பதுமில்லை. சாதாரண ரே டிரேசிங்கை இந்தக் கார்டு நன்றாகவே சமாளிக்கிறது. 'சைபர்பங்க் 2077'இல் அதைவிடக் கனமான பாத் டிரேசிங்கை மட்டும் அணைத்தே வைத்திருக்கிறேன்.